அணை வற்றும்போது அகப்படும் மீன் வரவா, முதலா?

வைகை அணையில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கினால் மதுரை வட்டாரத்தில் இரண்டு கவலைகள் எழுவது வழக்கம். நகரத்தாருக்குக் குடிநீர் பற்றிய கவலை. குடியானவர்களுக்கு அடுத்த போகம் பற்றிய கவலை. இவற்றோடு மூன்றாவதாக ஒரு பேச்சும் கிளம்பும். அதைக் கவலை என்பதைவிட ஆசை என்றே சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்துவிட்டது, இனி மீன் நிறையப் படும் என்பதே அந்தப் பேச்சு.

பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து திரிந்த மீன்கள் சில நூறு ஏக்கருக்குள் ஒடுங்கும்போது வலை வீசிய இடமெல்லாம் மீன் விழும். சந்தைக்கு வரத்து கூடும்; விலை இறங்கும்; வாங்குகிறவர் மகிழ்வர். ஆனால் அந்த மகிழ்ச்சி எத்தனை நாளைக்கு என்பதே கேள்வி. நீர் வற்றும்போது எளிதில் அகப்படும் மீனில் ஒரு பகுதி மட்டுமே அந்த ஆண்டின் வரவு. எஞ்சியது அடுத்து வரும் ஆண்டுகளுக்கான முதல். பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அன்றைய பசி தீரும். ஆடியில் விதைக்க ஒன்றும் இராது. அணை மீனின் கதையும் இதுவே.

அணை மீன் பற்றிய பேச்சு மீனவர்களுக்கு மட்டும் உரியது என்று சிறு விவசாயிகள் ஒதுங்கிவிடக் கூடாது. அணையில் நடப்பதே ஊர்க் கண்மாயிலும் சிறிய அளவில் நடக்கிறது. கண்மாய் மீன்பாசி குத்தகைப் பணம் ஊருக்கு வர வேண்டிய பணம். வயலில் வேலை இல்லாத கோடையில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் சத்தான உணவும் இந்த மீன்தான்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணக்கு

ஆண்டிபட்டி அருகே 1959ல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. கொள்ளளவு ஏறக்குறைய 6,000 மில்லியன் கன அடி. நிரம்பிய நிலையில் நீர் பரவும் இடம் சுமார் 2,400 ஹெக்டேர், அதாவது 6,000 ஏக்கர். பென்னிகுயிக் 1895ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் நீரும், வருசநாட்டு மலைகளிலிருந்து மூல வைகை கொண்டுவரும் நீரும் இங்கேதான் சேருகின்றன.

இந்த 71 அடியில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 66 அடி வந்தால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. 67 அடி எட்டினால்தான் உசிலம்பட்டி வட்டாரத்தின் 58 கிராமக் கால்வாயில் நீர் ஏற வழியுண்டு. பெரியாறு பாசனத்தின் இருபோக நிலம் 45,041 ஏக்கருக்கு ஒரு கணக்கு. பெரியாறு பிரதானக் கால்வாயும் திருமங்கலம் பிரதானக் கால்வாயும் பாயும் ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கருக்கு மற்றொரு கணக்கு. மதுரை நகரின் குடிநீர்க் குழாய்களுக்குத் தனிக் கணக்கு. ஆவியாகிப் போகும் நீருக்குக்கூட ஒருமுறை கணக்குப் பார்க்கப்பட்டது. 2017 ஏப்ரலில், நீர்மட்டம் 25 அடிக்கும் கீழே போயிருந்த கொடிய வறட்சியில், நீர் ஆவியாவதைத் தடுப்பதற்காகத் தெர்மாகோல் அட்டைகளை அணையில் மிதக்கவிட்டார்கள். காற்றடித்ததும் அவை கரை ஒதுங்கியதை நாடே அறியும்.

ஆவிக்கும் கணக்குப் பார்த்த இடத்தில் மீனுக்கு என்று ஓர் அடியைக் குறித்துவைக்கச் சொல்லும் குரல் போதிய அளவுக்கு எழவில்லை. பயிருக்குரிய நீரைப் பங்கு கேட்பதாக இதை எண்ணிவிட வேண்டியதில்லை. மீன் நீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. நீரில் குடியிருக்கிறது, அவ்வளவே. கேட்கப்படுவது ஒரு சொட்டு நீரன்று. நீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனபின் வலை இறங்கக் கூடாது என்ற ஒழுங்கு மட்டுமே.

நீர் இறங்கினால் மீனுக்கு நேர்வது

நீர் குறையும்போது மீன்களுக்கு ஏற்படும் இடையூறுகள் நான்கு. முதலாவது, இடநெருக்கடி. பெரிதும் சிறிதும் ஒன்றாக ஒரே பள்ளத்தில் திரள்வதால் பெரிய மீனுக்கு வீசிய வலையில் சிறிய மீனும் அகப்படுகிறது. பருவமடையாத மீன் பிடிபட்டால் எடையும் நட்டம், அது பின்னால் ஈனவிருந்த குஞ்சுகளும் நட்டம்.

இரண்டாவது, முட்டை கெடுதல். சாதாக்கெண்டை கரையோரத்து ஆழமற்ற நீரில், பாசி, செடிகொடிகளில் ஒட்டும்படி முட்டையிடுகிறது. விராலும் கரையோரப் புதரிடையேதான் கூடு அமைக்கிறது. ஓரிரு நாளில் நீர் மளமளவென இறங்கினால் முட்டைகள் கரையில் தங்கி வெயிலில் கருகிவிடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கைச் சமவெளியிலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டவை. பெருக்கெடுத்து ஓடும் புதுவெள்ளத்தில் முட்டையிடுவது அவற்றின் இயல்பு. தேங்கிய நீரில் அவை பெருகுவதை நம்பியிருக்க முடியாது. ஆகவே அவற்றுக்கு ஆண்டுதோறும் குஞ்சு விட்டே தீர வேண்டும்.

மூன்றாவது, மூச்சுத் திணறல். ஆழம் குறைந்த நீர் சித்திரை வெயிலில் சூடேறுகிறது. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே தங்கும். இரவில் பாசியும் அதையே உட்கொள்வதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கோடை மழை ஒன்று பெய்து அடிச்சேறு கலங்கிவிட்டால் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதப்பதும் உண்டு.

நான்காவது, இரைப் பஞ்சம். இதற்குத் தொலைதூரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். அமெரிக்காவில் மிசூரி ஆற்றின் குறுக்கே உள்ள பெரிய அணை ஏரிகளுள் ஒன்று சகாகவியா. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய நீண்ட வறட்சியில் அதன் நீர்மட்டம் பல ஆண்டுகள் தாழ்ந்தே கிடந்தது. அங்கே விரும்பிப் பிடிக்கப்படும் மீன் வால்ஐ எனப்படும் இரைதின்னி. குணத்தில் விரால் போன்றது. நீர் இறங்கியதால் அது தின்னும் சிறுமீன்கள் அருகின. இரை இல்லாமல் வால்ஐ மெலிந்தது. பெரிய மீனைக் காப்பாற்ற நினைப்பவர் அதன் இரையான சிறுமீனையும் காப்பாற்ற வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

குறைநீரில் ஒரு நன்மையும் உண்டு

தீமை மட்டுமே கூறினால் உண்மை முழுமையாகாது. நீர் வடிந்த இடங்களில் புல்லும் பூண்டும் முளைக்கின்றன. ஆடும் மாடும் மேய்ந்து எருப் போடுகின்றன. சேறு வெயிலில் வெடித்துக் காய்கிறது. அடுத்த பருவத்தில் நீர் ஏறி அந்த இடம் மூழ்கும்போது புல் மட்கி நீரில் சத்தாகிறது. நுண்ணுயிர்கள் பெருகி மீனுக்கு வேண்டிய இரை குவிகிறது. கோடை உழவு போட்டுக் காயவிட்ட நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதைப் போன்றது இது. வறண்ட ஆண்டுக்கு அடுத்து வரும் நிறைந்த ஆண்டு மீனுக்கு மிக நல்ல ஆண்டாக அமைய இதுவே காரணம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விருந்து தயாராகும்போது உண்ண ஆள் வேண்டும். தாய்மீன்களை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, குஞ்சும் விடாமல் இருந்தால் அந்தச் சத்தெல்லாம் பாசிக்கும், பொடி ஜிலேபிக்கும் போய்ச் சேரும். வறட்சியில் விட்டுவைத்தவருக்கே வளமான ஆண்டின் பலன் கிடைக்கும்.

மீன்துறையினர் அறிந்த ஒரு கணக்கை இங்கே சொல்வது பொருந்தும். இந்திய நீர்த்தேக்கங்களின் மீன்வளம் குறித்து ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1995ல் ஒரு நூல் வெளியிட்டது. அதன்படி நாட்டின் நீர்த்தேக்கங்களில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குக் கிடைத்த மீன் சராசரியாக 20 கிலோ. சிறு நீர்த்தேக்கங்களில் சுமார் 50 கிலோ. வைகையைப் போன்ற நடுத்தர நீர்த்தேக்கங்களில் சுமார் 12 கிலோ. பெரியவற்றில் 11 கிலோ அளவே. இலங்கையின் வற்றாத குளங்களிலோ 1980களிலேயே ஹெக்டேருக்கு 200 கிலோவுக்கு மேல் கிடைத்தது. ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே மழை. எனவே குறை நீரில் மட்டும் இல்லை, பராமரிப்பிலும் இருக்கிறது.

எந்த மீனை முதலில் பிடிப்பது?

நீர் இறங்கும் காலத்தில் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தச் சொல்வது அறிவுடைமையாகாது. மீன்பிடிப்பை வரிசைப்படுத்துவதே முறை.

நீர் பாதிக்குக் குறைந்ததும் முதலில் எடுக்க வேண்டியவை ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கட்லாவும் ரோகுவும். நீரில் கரைந்த உயிர்வளியைச் செவுளால் மட்டுமே இழுப்பவை என்பதால் வெப்பத்தில் இவையே முதலில் சாகும். குஞ்சு விட்டு வளர்ந்த மீன் என்பதால் இவற்றைப் பிடிப்பது அறுவடைக்கு ஒப்பானது. பெரிய கண் வலையால் பிடித்தால் சிறியவை தப்பி வளரும்.

அடுத்து ஜிலேபி. 1952ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீன், ஆண்டில் பலமுறை ஈன்று, குஞ்சுகளை வாயில் அடைத்துக் காத்துப் பெருகுகிறது. கூட்டம் மிகுந்தால் உடல் சிறுத்து, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். நீர் குறைந்த காலமே ஜிலேபியைக் களையெடுப்பதற்கு ஏற்ற காலம். எவ்வளவு பிடித்தாலும் அது மீண்டும் பெருகிவிடும் என்பதால் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

கடைசிவரை தொடக் கூடாதது தாய் விரால். விரால் காற்றையும் நேரடியாக மூச்சிழுக்க வல்லது. நீர் சேறானாலும் ஈரம் இருக்கும்வரை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழைக் காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு தாயும் தந்தையும் காவல் திரிவதைக் கண்மாய்க் கரையில் நின்றவர் எல்லாரும் பார்த்திருப்பர். அந்த வேளையில் பெரிய விராலைக் குத்தி எடுத்தால் காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு விரால் கைக்கு வர, நூற்றுக்கணக்கான விரால் கைவிட்டுப் போகும்.

கடலுக்கு ஒரு விதி, அணைக்கும் ஒரு விதி

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட தடை அது. அந்தக் காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை அளிக்கிறது. கடலுக்கு நாட்காட்டி பொருந்தும். அணைக்கு நாட்காட்டியைவிட நீர்மட்டமே பொருத்தமான அளவுகோல். ஓராண்டில் மே மாதத்திலும் அணை பாதி நிறைந்திருக்கும். மற்றோர் ஆண்டில் பிப்ரவரியிலேயே தரை தெரியும்.

ஆகவே வைகை அணைக்கு இரண்டு மட்டங்களைக் குறிப்பது விரும்பத்தக்கது. முதல் மட்டத்துக்கு நீர் இறங்கியதும் சிறுகண் வலைகளும் கரைவலைகளும் நிறுத்தப்பட வேண்டும். இரண்டாவது மட்டத்துக்கு இறங்கியதும் அணையின் ஆழமான பள்ளத்தில் எந்த வலையும் இறங்கக் கூடாது. அந்த மட்டங்கள் எத்தனை அடி என்பதை மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் மீனவர் சங்கங்களோடு அமர்ந்து தீர்மானிக்கலாம். தீர்மானித்த அளவை அணையின் அளவுகோலிலேயே சிவப்பு வண்ணத்தில் எழுதிவைத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விதி தெரிந்துவிடும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். மதுரை மக்கள் குடிநீருக்குத் தவிக்கையில் மீனைப் பற்றிப் பேசுவதா என்பது ஒன்று. குடிநீருக்கு எடுக்கும் நீரை இந்த ஒழுங்கு தடுக்கவில்லை என்பது மேலேயே கூறப்பட்டது. மேலும், சேற்றைக் கலக்கி வலை இழுப்பது நிற்பதால் கடைசி நீர் சற்றுத் தெளிவாகவே இருக்கும்.

எப்படியும் சாகப் போகும் மீனை விட்டுவைப்பானேன் என்பது இரண்டாவது மறுப்பு. முற்றிலும் வற்றிவிடும் கண்மாய்க்கு இது சரியான கேள்வி. பெரிய அணையிலோ கொடிய வறட்சியிலும் ஆழப் பள்ளத்தில் நீர் தங்குகிறது. அதில் பிழைக்கும் மீன் சிலவே ஆனாலும் அவையே அடுத்த தலைமுறைக்கு வேர்.

மூன்றாவது மறுப்பே பாரமானது. வலை நின்றால் மீனவர் அடுப்பில் என்ன எரியும்? இதற்கு விடை இல்லாமல் தடை மட்டும் போட்டால் அது ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும். கடல் மீனவருக்கு உள்ளதைப் போன்ற தடைக்கால உதவி உள்நாட்டு மீனவருக்கும் நீர்மட்டத் தடையின்போது கிடைக்க வேண்டும். அந்த நாட்களில் குஞ்சு வளர்ப்பு, கருவேல் அகற்றல், பள்ளம் ஆழப்படுத்தல் ஆகிய வேலைகளைக் கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்கலாம். அணையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

திருநகர்ப் பக்கத்துக் கண்மாய்கள்

அணையில் அரசு செய்ய வேண்டியதைக் கண்மாயில் ஊரே செய்யலாம். திருநகரையும் திருப்பரங்குன்றத்தையும் ஒட்டிய நிலையூர்க் கண்மாயும் தென்கால் கண்மாயும் வைகை நீரை நம்பியவை. அணையில் நீர் இல்லாத ஆண்டில் இந்தக் கண்மாய்களுக்கும் அரைவயிறுதான். நகரம் வளர வளர ஆயக்கட்டு சுருங்கிவந்தாலும், எஞ்சிய வயல்களுக்கும் சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் இவையே ஆதாரம்.

கண்மாய்களில் கோடைதோறும் எழும் தகராறு ஒன்று உண்டு. மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு நீர் சீக்கிரம் வற்ற வேண்டும். வற்றினால்தான் மீனை அரித்தெடுக்கலாம். ஆயக்கட்டு விவசாயிக்கோ கடைசித் தண்ணீர் வரை நிற்க வேண்டும். நின்றால்தான் கதிர் பால் பிடிக்கும். இரவோடு இரவாக மடை திறக்கப்பட்டது என்று காலையில் சண்டை மூளும். குத்தகைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஓராண்டுக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டவர் அடுத்த ஆண்டைப் பற்றி எண்ணுவார் என்று எதிர்பார்க்க முடியாது. குறுகிய காலக் குத்தகையே கோளாறுக்குக் காரணம்.

குத்தகையை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளாக நீட்டி, ஆயக்கட்டு விவசாயிகளும் உள்ளூர் மீனவரும் சேர்ந்த அமைப்புக்கே முன்னுரிமை தருவது நல்ல தீர்வு. விவசாயிகள் பாசன மேலாண்மைக்கென்று தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் அமைந்தன. மடைத் திறவுகோலும் மீன் வலையும் ஒரே சங்கத்தின் பொறுப்பில் இருந்தால் இரவில் மடை திறக்க யாருக்கும் அவசியம் இராது. குத்தகை ஒப்பந்தத்தில், மடைமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரை இயந்திரம் வைத்து இறைக்கக் கூடாது என்ற ஒரு வரி சேர்க்கப்பட்டால் போதும்; பாதித் தகராறு தீரும்.

வண்டல் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். மண்ணைக் கண்ட இடத்தில் தோண்டாமல், மடைக்கும் கரைக்கும் விலகி, கண்மாயின் தாழ்ந்த மூலையில் ஒரே இடமாக ஆழப்படுத்தினால் அங்கே ஒரு மீன்குழி உருவாகும். கண்மாய் வற்றிய பின்னும் குழியில் சில வாரம் கூடுதலாக நீர் நிற்கும். விராலும் கெளுத்தியும் குரவையும் அதில் தங்கிப் பிழைக்கும். கால்நடைகளுக்கும் அது குடிநீர். குழியின் ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் நீர் நிறைந்த காலத்தில் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் ஆபத்து.

மேலூர், நத்தம், சிங்கம்புணரி வட்டாரங்களில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடப்பதை அனைவரும் அறிவர். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் நீரில் இறங்குவதில்லை. வீசிய பிறகு ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கும். கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்று ஊர் முழுதும் மீன்குழம்பு மணக்கும். வற்றப் போகும் மீனை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் நல்ல வழக்கம் இது. இதில் கவனிக்க வேண்டியது கூட்டத்தை அல்ல, துண்டு வீசும்வரை காத்திருக்கும் கட்டுப்பாட்டை. எந்தச் சட்டமும் காவலும் இல்லாமல் நிற்கும் கட்டுப்பாடு அது. அந்த ஊர்க் கட்டுப்பாட்டோடு, மீன்குழியில் மட்டும் ஊத்தா குத்தக் கூடாது என்று ஒரு வாக்கையும் சேர்த்துவிட்டால் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு மீன் தானே வரும். மதுரைக்குப் பேர்போன அயிரையும் கண்மாய்களில் நீடிக்க வேண்டுமானால் இத்தகைய ஒதுக்கிடமும், பூச்சிமருந்து கலந்த வடிநீர் சேராத கவனமும் தேவை.

இலங்கையின் கமக்காரர் காட்டும் வழி

இலங்கையின் வறண்ட பகுதிகளில் ஆண்டில் சில மாதமே நீர் நிற்கும் சிறு குளங்கள் ஏராளம். மழையில் குளம் நிறைந்ததும் அங்குள்ள கமக்காரர் அமைப்புகள், அதாவது விவசாயிகள் சங்கங்கள், மீன்குஞ்சுகளை வாங்கி விடுகின்றன. கோடையில் நீர் இறங்கும்போது அவர்களே அறுவடை செய்து பங்கிடுகிறார்கள். பாசனத்தையும் மீனையும் ஒரே கூட்டத்தில் பேசி முடிப்பதால் நீருக்கும் வலைக்கும் சண்டை குறைவு.

அதே நாட்டில் மற்றொரு பாடமும் உண்டு. 1990 முதல் 1994 வரை அரசு உள்நாட்டு மீன்வளர்ப்புக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. குஞ்சு விடுதலும் கண்காணிப்பும் தளர்ந்தன. பல குளங்களில் மீன்பிடிப்பு சீர்குலைந்தது. விவசாயிகள் சங்கமும் வேண்டும்; அரசின் கையும் தொடர்ந்து வேண்டும். ஒன்று போனால் மற்றது நிற்பது கடினம்.

பண்ணைக்குட்டையில் ஒரு வருவாய்

நீர் ஏறும்போது விட வேண்டிய குஞ்சு எங்கிருந்து வரும்? பெரிய நீர்நிலையில் சிறு குஞ்சை விட்டால் விராலுக்கும் பறவைக்கும் அது தீனியாகும். 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையாத விரலிகளை விட்டால்தான் பிழைக்கும். அத்தனை விரலிகளை ஒரே சமயத்தில் வளர்த்துத் தர அரசுப் பண்ணைகளின் இடம் மட்டும் போதாது. இங்கேதான் சிறு விவசாயிக்கு வாய்ப்பு இருக்கிறது.

கிணற்று நீர் உள்ளவர் 10 சென்ட் குட்டையை ஆனி, ஆடியில் தயார் செய்யலாம். குட்டையைக் காயவிட்டு 10 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து மட்கிய சாணம் இட்டு நீர் விட வேண்டும். நீர் இளம்பச்சையானதும் அரசுப் பண்ணையிலோ நம்பகமான பண்ணையிலோ வாங்கிய இளம் மீன்குஞ்சுகளை, 5,000க்கு மிகாமல், மாலை வேளையில் விடலாம். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம எடையில் கலந்து தினமும் ஒரே இடத்தில் இட்டுவந்தால் இரண்டு மூன்று மாதங்களில் விரலிகள் கிடைக்கும். நீர் கரும்பச்சையானாலோ, விடியலில் குஞ்சுகள் மேலே வந்து தவித்தாலோ சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்திவிட்டுப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகும் வேளையில் விரலிகள் விற்பனைக்குத் தயாராக இருக்கும்.

விரைவில் வளரும் என்ற ஆசை காட்டி விற்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவரும் வாங்கக் கூடாது. மத்திய அரசு அதைத் தடை செய்திருக்கிறது. ஒரு வெள்ளத்தில் குட்டை உடைந்து அது கண்மாய்க்குள் புகுந்தால் உள்ளூர் மீன் ஒன்றும் மிஞ்சாது.

2020ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் மீன்வளத் திட்டத்தில் குளம் வெட்டுவதற்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுக்கப்பட்டது. விவசாயக் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் நிதி நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நன்று. ஆனால் மானியத்தைவிட முக்கியமானது விற்பனை உறுதி. அணைக்கும் கண்மாய்களுக்கும் வேண்டிய விரலிகளில் ஒரு பங்கைச் சுற்றுப்புறச் சிறு விவசாயிகளிடமே வாங்குவோம் என்று துறை முன்கூட்டியே விலை அறிவிக்குமானால் குட்டைகள் தாமே பெருகும்.

வறட்சியே முடிவு செய்யும் காலம்

அணை நிறைந்திருக்கும்போது மீன்வளத்தைக் காப்பது எளிது. பரந்த நீரே மீனைக் காத்துக்கொள்ளும். நீர் குறைந்த ஆண்டில்தான் மனிதர் காக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில் எடுக்கும் முடிவே அடுத்த ஆண்டு நெல்பேட்டைச் சந்தைக்கு வைகை மீன் வருமா, வெளிமாநிலத்துப் பனிக்கட்டி மீன் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

கிராம சபைக் கூட்டங்களிலும் பாசன சங்கக் கூட்டங்களிலும் விவசாயிகள் மூன்று கோரிக்கைகளை எழுப்பலாம். அணைக்கு வலை நிறுத்தும் மட்டம் குறிக்கப்பட வேண்டும். கண்மாய்தோறும் ஒரு மீன்குழி விடப்பட வேண்டும். குத்தகை நீண்ட காலத்துக்கு ஆயக்கட்டாருக்கும் உள்ளூர் மீனவருக்கும் தரப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. வீட்டில் எத்தனை கஷ்டம் வந்தாலும் விதைநெல் குதிரில் கை வைக்காத குடியானவருக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதும் அல்ல. நெல்லுக்குக் காட்டும் அதே உறுதியை மீனுக்கும் காட்டினால், பெரியாற்று நீர் மீண்டும் வந்து அணை நிறையும் நாளில் அதில் நீந்த மீனும் இருக்கும்.